முத்துப்பேச்சி அக்காவின் எரிவாயுத் தொட்டி

வேலம்பாளையத்தில் எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால் முத்துப்பேச்சி அக்கா மெஸ் நடத்தினார். சங்கரன்கோவில் பக்கமிருந்து பிழைக்க வந்தவர். பனியன் கம்பெனி ஆட்கள் நாற்பது பேர் அங்கே சாப்பிட்டோம். மிஞ்சிய சோறு, காய்த்தோல், கழுநீர் எல்லாம் கொல்லையில் இருந்த எரிவாயுத் தொட்டிக்குப் போகும். அந்த வாயுவில் காலை இட்லி வெந்துவிடும். அத்தனை கழிவைக் கொட்ட வேறு இடமில்லை. தொட்டி போனால் மெஸ்ஸும் போகும்.

பாத்திரம் கழுவும் மேடையில் இரண்டு ஓட்டைகள். ஒன்று தொட்டிக்கு, இன்னொன்று சாக்கடைக்கு. எச்சில் அலசும்போது சாக்கடை ஓட்டையைச் சிவப்புப் பனியன் துணியால் அடைப்பார். சோப்புப் போடும்போது துணி தொட்டி ஓட்டைக்கு மாறும். இந்த வேலையை வேறு யாரிடமும் விட்டதில்லை.

2007 மார்கழியில் அடுப்பு எரியவில்லை. தொட்டி புளித்து நாறியது. இடத்துக்காரர் கந்தப்பன் வந்துவிட்டார்.

"ஏனுங்க பேச்சிம்மா, ரோடு வரைக்கும் நாறுதுங்க. தைப்பூசத்துக்குள்ள சரியாகலீன்னா தொட்டியப் பேத்துருங்க."

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான், பி.எஸ்சி. வேதியியல். "குளிர்தான் காரணம்க்கா" என்றேன் உறுதியாக.

"போன மார்கழி வெந்நியிலயா குளிச்சுது? அப்ப எரிஞ்சுதுல்லா?"

சொல்லிவிட்டு மேடையருகே போய்க் குந்தினார். துணியைக் கையில் எடுத்தார். சிவப்பு போய்த் திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது.

"இத யாருல வெளுத்தது?"

சாயப்பட்டறையில் வேலை செய்யும் அந்தோணிராஜ் தட்டோடு எழுந்தான். "நாந்தாங்க்கா. பாசியில வழுக்கி விழுந்தியள்லா? பட்டறையிலருந்து பிளீச்சிங் பவுடர் கொண்டாந்து, ரெண்டு நாளா மேடைய நல்லா தேச்சுக் கழுவுனேன்."

"துணி எந்த ஓட்டையில கெடந்துச்சு?"

"சாக்கடை ஓட்டையில."

"நல்லா இருப்ப ராசா! என் இடுப்பு பொழச்சுது, தொட்டி செத்துப்போச்சு."

அப்புறம்தான் என் படிப்பு வேலைக்கு ஆனது. வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்களைப் பிளீச்சிங் தண்ணீர் கொன்றிருக்கிறது. பாதியை இறைத்துவிட்டுப் புதுச்சாணம் கரைத்து ஊற்ற வேண்டும் என்றேன். சாணத்துக்கு எங்கே போவது? அக்கம்பக்கத்தில் மாடு வைத்திருந்தவர் கந்தப்பன் மட்டும்தான். அக்கா தயங்காமல் அவரிடமே போனார்.

"நாத்தம் பத்தலீங்களா, இன்னும் சேக்கறீங்க?" என்று கேட்டாலும், சாணம் அள்ளிக்கொள்ளச் சொன்னார்.

தினமும் சுமந்தது அந்தோணிதான். தொட்டி தேறும்வரை கழிவையெல்லாம் குழி வெட்டிப் புதைத்ததும் அவனே. அக்கா நாள்தோறும் அடுப்பில் தீக்குச்சி கிழித்துப் பார்ப்பார். பூசத்துக்கு இரண்டு நாள் முன்னால் நீலமாகப் பற்றியது. அன்று இட்லி அதிலேயே வெந்தது.

பூசத்தன்று கந்தப்பன் வந்தார். கொல்லையைச் சுற்றி மோந்து பார்த்தார். தொட்டியிலிருந்து வழிந்த கரைசல் பக்கம் கொஞ்ச நேரம் நின்றார்.

"இது தென்னைக்கு ஆகுமுங்களா?"

"ஆவும் முதலாளி. பக்கெட்டு நீங்க கொண்டாங்க." வெளுத்த துணியை நீட்டினார் அக்கா. "மூக்கப் பொத்திக்கிட இது போதுமா?"

மறுநாள் காலை அவர் வீட்டிலிருந்து இரண்டு பக்கெட் வந்தது.