மூலையில் ஒட்டிய ஸ்டிக்கர்

என் வரைபடத்தின் வலது மூலையில் என் பெயர் இருந்த இடத்தில் வெள்ளை ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. அதில் தாளாளருடைய மருமகனின் கம்பெனிப் பெயர். பல்லடம் சாலையில் தாளாளர் புதிதாகக் கட்டிய பள்ளிக்கு மைதானம், நடைபாதை, நிழல் எல்லாம் நான்கு மாதம் வெயிலில் அலைந்து வரைந்தது நான். திறப்பு விழாவுக்கு எனக்கு ஒரு அழைப்பிதழ்கூட வரவில்லை. பாக்கி இருந்த ஒரு கையெழுத்துக்காகப் போனபோதுதான் அலுவலகச் சுவரில் அந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன்.

பிள்ளைகள் காலையில் வரிசையாக நிற்கும் இடத்தைச் சுற்றி நான் புங்க மரங்கள் போட்டிருந்தேன். தாளாளர் அவற்றைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, வளர்ந்த பேரீச்சை மரங்களைக் கிரேனில் கொண்டுவந்து நட்டார். அதுதான் பார்வையாக இருக்குமாம். இது கரிசல் மண், பேரீச்சைக்கு அடியில் தண்ணீர் நின்றால் வேர் அழுகிவிடும் என்று அப்போதே சொன்னேன். ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர் அவர். சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஏனுங்க அம்மணி, மூணு தலைமுறையா தென்னைக்குத் தண்ணி உடறவங்க நாங்க. மரத்தப் பத்தி எங்களுக்கே சொல்லித் தாரீங்களா?” கூட நின்றவர்களும் சிரித்தார்கள்.

ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு வெளியே வந்த அன்று, ஒவ்வொரு பேரீச்சைக்கும் தென்னைக்குக் கட்டுவதுபோல் வட்டப்பாத்தி கட்டி, தளும்பத் தளும்பத் தண்ணீர் விட்டிருந்தார்கள். தோட்டக்காரர் என்னிடம் ஓடிவந்தார். “தண்ணி இத்தன வேணுங்களா அக்கா?” பாத்தியை உடைத்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். “உங்க ஐயாவையே கேளுங்க” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். காந்திபுரம் வரும்வரை மனசு குளிர்ந்து கிடந்தது. அதற்காக நான் இன்றும் வெட்கப்படவில்லை.

இரண்டு மழைக்காலம் தாங்கவில்லை. பேரீச்சைகள் குருத்து சரிந்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டுப்போயின. காலை வரிசையில் வெயிலில் நின்ற ஒரு சின்னப் பெண் மயங்கி விழுந்தாள் என்று கேள்விப்பட்டேன். அதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. என் கோபம் அவரிடம்தான், அந்தப் பிள்ளை எனக்கு என்ன செய்தாள்?

போன மாதம் தாளாளரே கூப்பிட்டார். “பழைய பிளான்படியே புங்கன் வெச்சுப்போடலாமுங்க அம்மணி.” மைதானத்தின் நடுவில், உச்சி வெயிலில், அலுவலகச் சுவரிலிருந்து கழற்றி வந்த அதே தாளை விரித்தேன். ஸ்டிக்கரை அவர் கண்ணெதிரே உரித்தேன். அதோடு என் பெயரும் கிழிந்து வந்தது. பேனாவை அவர் கையில் கொடுத்து, “என் பேர நீங்களே எழுதிக் கொடுங்க, நாளைக்கே குழி வெட்ட ஆள் வரும்” என்றேன். குனிந்தார். பேனா தாளைத் தொட்டபடி நின்றது.

“உங்க பேரு என்னுங்க அம்மணி?”

வழுக்கைத் தலையில் வேர்வை வழிய அவர் காத்துக்கொண்டிருந்தார். ஒதுங்க ஒரு நிழல் இல்லை. நான் அவசரப்படாமல், ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன்.