கையாட்டிய ஆள்

கல் வெட்டுவதை நிறுத்திய குவாரியில் தண்ணீர் தேங்கிக் குளமாகிவிட்டது. அதற்கு ஒரு காவலாளி. நாள் முழுக்க அவர் வாயில் வருகிற ஒரே சொல்லை ஊரே அவருக்குப் பேராக வைத்துவிட்டது: வேண்டாம். "வேண்டாம் அண்ணே, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு, அவர் கட்டிய வேலியையே தாண்டிப் போவார்கள். என்ன ஜென்மங்களோ!

பாறை உச்சி தண்ணீரிலிருந்து ஐம்பது அடி. அங்கிருந்து கொஞ்சம் கோணலாக விழுந்தாலும் தண்ணீர் சிமென்ட் தரை மாதிரி அறையும். சொல்லிச் சொல்லி அவர் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். எல்லோரும் ஒரே கதையைத் திருப்பிச் சொன்னார்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் எவனோ உச்சியிலிருந்து குதித்தானாம், மேலே வந்து ஜம்மென்று கையாட்டினானாம், கரையெல்லாம் கைதட்டலாம். கேட்கும்போதெல்லாம் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் முதுகு வலிக்குக் கட்டியிருக்கும் இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவார். மூட்டை தூக்கி முதுகு போய்விட்டதாகத்தான் வீட்டிலும் சொல்லிவைத்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, உச்சியில் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றது அவர் தங்கையின் புருஷன். தங்கைக்கு அப்போது ஏழாவது மாதம். பக்கத்தில் போனும் கையுமாக ஒர்க்‌ஷாப் கூட்டாளி ஒருவன். காவலாளி மூச்சிரைக்க ஏறிப் போனார்.

"வேண்டாம் மாப்பிள்ளை."

"சும்மா இருங்க மச்சான். அன்னைக்கு ஒருத்தன் குதிக்கலையா?"

"அது நான்தான்."

இருவரும் சிரித்தார்கள். அவர் பட்டையைக் கழற்றிக் கீழே போட்டு, சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினார். நடு முதுகில் நீளமாகத் தையல் தழும்பு.

"பாதியில பயந்து காலை மடக்கிட்டேன். உக்காந்த மாதிரி விழுந்து முதுகெலும்பு நொறுங்கிடுச்சு. அப்போ இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே தெரியல. காப்பாத்துங்கன்னுதான் கையைத் தூக்கினேன். எல்லாரும் கைதட்டி முடிச்சப்புறம்தான் ஒருத்தன் இறங்கினான்."

"இத்தனை நாளா ஏன் மச்சான் சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு, மாப்பிள்ளை."

தங்கை புருஷன் சட்டையை மாட்டிக்கொண்டான். அவரால் குனிய முடியாது என்று கண்டு, பட்டையை எடுத்து அவனே கட்டிவிட்டான்.

அவருக்கு அப்போதுதான் உயிர் வந்தது. கூட்டாளி போனை அவர் பக்கம் திருப்பினான்.

"அண்ணே, அது நீங்கதானா? கையைக் கொஞ்சம் தூக்குங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."