குளியலறைக்கு அடியில் ஓடிய கால்வாய்

தெருவே மேடேறிக்கொண்டிருக்கும்போது ஒருத்தி மட்டும் ஏன் பள்ளத்தில் இருக்க வேண்டும்? கள்ளிக்குப்பத்தில் பார்வதத்தை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருந்ததில்லை.

அவள் கணவன் கலியமூர்த்திக்கு ஆவடித் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸை விட்டு, எண்பதுகளின் நடுவில் இங்கே வீடு கட்டி வந்தார்கள். பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவரும் ரப்பீஸ் என்னும் இடித்த கட்டடக் கழிவைக் கொட்டி, பக்கத்து வீட்டைவிட ஓர் அடி உயர்த்திக் கட்டினார்கள். தண்ணீர் தன் வீட்டுக்கு வரக் கூடாது என்பதே எல்லோருடைய நினைப்பும். அது எங்கே போகும் என்று யாரும் யோசிக்கவில்லை. அது பார்வதத்தின் வீட்டுக்குப் போயிற்று.

"இன்னா பார்வதம், ஊட்டுக்குள்ள மீனு வளக்கிறியா?" என்று அடுத்த வீட்டுக் கஜபதி சிரிப்பார்.

"உங்க ஊட்டுத் தண்ணிதான் அண்ணாத்தே. மீனும் உங்களுதுதான், வந்து புடிச்சிக்கினு போங்க."

கலியமூர்த்திக்குச் சிரிப்பு வரவில்லை. "லாரி மண்ணடிச்சு உள்ள தரைய ஏத்திடுவோம். இல்லன்னா வித்துட்டு குவார்ட்டர்ஸுக்கே போயிடலாம்."

"ஏத்தினா தண்ணி மேலண்ட ஊட்டு ராபியாகிட்ட பூடும். அவ ஏத்தினா? இந்த ஒரு மழைக்கு உடுங்க. அப்பால உங்க இஷ்டம்."

அவள் கேட்ட அவகாசத்துக்குக் காரணம் இருந்தது. அந்தக் கோடையில் கொல்லைப்புறங்களின் ஊடே ஒரே கோட்டில் கோரைப்புல் பச்சையாக நிற்பதைக் கண்டாள். அவள் வீட்டுக் குளியலறைச் சுவரில் அது மறைந்தது. ஏரியை ஒட்டிய கடைசி வீடான கஜபதியின் குளியலறைக்கு அப்பால் மீண்டும் முளைத்து, ஏரிவரை போயிற்று. மழைநீர் ஏரிக்குப் போன பழைய கால்வாய் அதுதான். அதன்மேல் தெருவே உட்கார்ந்திருந்தது. அவளும்தான்.

ஆடியில் பொன்னியம்மனுக்குக் கூழ் ஊற்ற வீட்டுக்கு வீடு கேழ்வரகு மாவு வாங்குவது வழக்கம். அந்த ஆண்டு வந்தவர்களிடம் பார்வதம் சொன்னாள்: "மாவு எடுத்துக்கோங்க. ஆனா எங்க ஊட்டுப் பங்கு அது இல்ல. பின்னாடி கால்வாய்க்கு எடம் உடறேன். நீங்களும் உடுங்க." வந்தவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று விழித்தார்கள். அவள் கடப்பாரையை எடுத்துப்போய்த் தன் குளியலறைச் சுவரில் முதல் குத்து விட்டாள்.

"அடிப்பாவி, குளிக்க எங்க போவ?" என்று ஓடி வந்தாள் மேலண்டை வீட்டு ராபியா.

"உங்க ஊட்டுக்குத்தான்."

ராபியா தன் கோழிக்கூண்டைப் பிரித்தாள். அடுத்த வீட்டில் சலவைக்கல் நகர்ந்தது; அதற்கடுத்ததில் மதில் உள்ளே தள்ளிப்போனது. புரட்டாசி முடிவதற்குள் கஜபதி வீடு தவிர மற்றெல்லாம் திறந்துவிட்டது. "ரப்பீஸ் கொட்டி மூணடி ஏத்தி கட்டிக்கீறேன். எனக்கு இன்னாத்துக்குக் கால்வா?" என்றார் அவர்.

ஐப்பசியின் முதல் பெருமழையில் தண்ணீர் கால்வாயில் துள்ளி ஓடிவந்து, கஜபதியின் குளியலறையில் முட்டித் திரும்பி, பார்வதத்தின் வீட்டில் முழங்காலளவு நின்றது. தெரு அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது. கலியமூர்த்தி லாரிக்காரனைப் பார்க்கச் சட்டையை மாட்டினார்.

அப்போதுதான் பின்னாலிருந்து கஜபதியின் அலறல் கேட்டது. வீட்டை உயர்த்தியவர் குளியலறையைப் பழைய மட்டத்திலேயே விட்டிருந்தார். முட்டிய தண்ணீர் அதன் சாக்கடைத் துளை வழியாகப் பொங்கி, சாக்கடையையும் சேர்த்து மேலே தள்ளிக்கொண்டிருந்தது.

"பார்வதம்! உன் கடப்பாரைய எடுத்தா!"

"எடுத்தாறேன். மீனு எதனா வந்துகினு கீதா பாருங்க அண்ணாத்தே!"

கொட்டும் மழையில் இரண்டு வீட்டாரும் ராபியா வீட்டாரும் மாறி மாறிக் குத்தினார்கள். சுவர் சாய்ந்ததும் தண்ணீர் ஓர் இரைச்சலோடு ஏரியை நோக்கிப் பாய்ந்தது. பார்வதத்தின் வீட்டுத் தரை கண்ணெதிரே வெளிப்பட்டது. கலியமூர்த்தி சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். தெரு முழுக்க நனைந்தபடி நின்று கூச்சலிட்டது. கஜபதியின் குரல்தான் எல்லாவற்றிலும் உரத்தது.

அதன்பிறகு அந்த மழைக்காலத்தில் தெருவில் எந்த வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறவில்லை. ஏரி நிரம்பியது. கோடையிலும் கிணறுகள் வற்றவில்லை. சாக்கடைக் குழாயைக் கால்வாயில் விடக் கூடாது என்று தெருவே கட்டுப்பாடு போட்டுக்கொண்டது. ஒவ்வோர் ஆடியிலும் வீட்டுக்கு ஒருவர் இறங்கித் தூர் எடுத்த பிறகே கூழ் ஊற்றினார்கள். மழை வலுத்தால், கால்வாய் அடைத்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, கஜபதி முதலில் எட்டிப் பார்ப்பது பார்வதத்தின் வாசலைத்தான்; தெருவிலேயே தாழ்ந்த அந்த வாசலில்தான் தண்ணீர் முதலில் தெரியும்.

தொண்ணூறுகளின் இறுதியில் அவள் வீட்டை இடித்து, மாடி வைத்துக் கட்டினார்கள். தரையை எவ்வளவு உயர்த்துவது என்று மேஸ்திரி வேம்புலி கேட்டார். "நாலு படி வெச்சிக் கட்டும்மா, கையில காசு கீதில்ல?" என்று கஜபதியே கெஞ்சினார்.

பார்வதம் கட்டடக் குழியில் இறங்கி, பழைய தரை இருந்த உயரத்தில், இடிக்காமல் விட்ட மதில் சுவரில் கரிக்கோடு ஒன்று இழுத்தாள். தரையை அதற்கு மேல் ஒரு செங்கல்கூட ஏற்றக் கூடாது என்றாள். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் டீ கொடுத்து அனுப்பினாள்.