மாரிசெல்வி செய்த நடை

விருதுநகர் பேருந்து நிலையத்தில் சிவகாசி வண்டி கிளம்பும்வரை மாரிசெல்வி யார் முகத்தையும் பார்ப்பதில்லை. கால்களைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பாள். தீப்பெட்டி ஆபீசில் வருஷக்கணக்காகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தவர்கள் எழுந்ததும் முதல் இரண்டு எட்டைக் கோணலாக வைத்துவிட்டு அப்புறம்தான் நேராகிறார்கள். லோடு ஏற்றுகிறவர்களுக்குத் தலையில் பெட்டி இல்லாதபோதும் கழுத்து விறைத்தே இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி எதிரே வந்து சிரித்தாலும், அவள் கடந்துபோன பிறகு நடையை வைத்துத்தான் இவளுக்கு ஆள் பிடிபடும். அதனால் ஊரில் தலைக்கனம் பிடித்தவள் என்று பெயர். பாவம், அந்தத் தலை குனிந்தேதான் கிடக்கிறது.

வேலை, ஒரு பொறியியல் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில். நடக்க மறந்த காலுக்குப் போட்டுக்கொள்ளும் ரோபோ செய்கிறாள். இடுப்பில் பெல்ட், தொடையிலும் கெண்டைக்காலிலும் பட்டை, முழங்காலோரம் தேங்காய்மூடி அளவில் ஒரு மோட்டார். செருப்புக்குள் மெல்லிய தகடு ஒன்று இருக்கும். பாதம் தரையில் பதிந்ததா, மேலே எழும்பியதா என்று அது சொல்லச் சொல்ல, மோட்டார் முழங்காலை மடக்கி நீட்டும். வெளிநாட்டு மாதிரியில் இருந்த ரப்பர் பட்டை நம்மூர் வெயிலுக்கு வேர்க்குருவைக் கிளப்பியது. பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்துவிட்டாள். அவள் குடியிருக்கும் நாரணாபுரத்தில் இதற்கு ‘மிஷின் காலு’ என்று பெயர்.

இந்தக் கால் அவளுடைய ஒரே அண்ணன் முத்துக்கருப்பனுக்காக. பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவன், ஒரு சீசனில் லாரி மேலிருந்து விழுந்தான். இடுப்பு தேறியது, இடது கால் தேறவில்லை. அதன்பிறகு வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. விசேஷ வீட்டுக்கு யாராவது தூக்கிப்போக வந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான். அடுத்தவர் சுமையைத் தூக்கியே வாழ்ந்தவனுக்குத் தானே சுமையாவது பொறுக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் மாரிசெல்வியின் மகள் எழிலுக்குக் காதுகுத்து வைக்கப் பேச்செடுத்தார்கள். தாய்மாமன் மேளதாளத்தோடு சீர்த்தட்டு ஏந்தி வந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

“நடந்து வந்தா வாரேன் தாயி. என்னையத் தூக்கியாந்து ஒக்கார வச்சுத்தான் குத்தணும்னா, வேற ஆளப் பாத்துக்க” என்றான் முத்துக்கருப்பன். வேறு ஆளுக்கு அவள் எங்கே போவாள்?

அவனுடைய பழைய நடை, அவளுடைய கல்யாண வீடியோவில் மட்டுமே இருந்தது. அதைப் போட்டுப் போட்டுப் பார்த்து, அந்த நடையை மோட்டாருக்குப் பழக்கினாள். “மாலையும் கழுத்துமா நா ஒருத்தன் நிக்கேன். அந்தப் பக்கம் திரும்பவே மாட்டேங்கா” என்று அவள் புருஷன் காளீஸ்வரன் வருகிற போகிறவர்களிடமெல்லாம் முறையிடுவான். அவன் அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறவன். சோறு வடிக்கும்போதே பெண்டாட்டியின் கண் எங்கோ போய்விடுவதையும், கஞ்சி அடுப்பில் வழிவதையும் அவன்தான் பார்க்கிறான்.

“நேத்தும் அந்தக் கனவு வந்துச்சுங்க” என்பாள் அவனிடம். “ஆனைக்குட்டம் டேமுத் தண்ணி மேல அண்ணே நடந்து வாராக. சத்தமே இல்ல. கரையில நிக்கிற எனக்குத்தேன் காலு நகல மாட்டேங்கு.”

கொல்லையில் மாதக்கணக்கில் பழகினார்கள். செருப்பை மாட்டி, பட்டையை இறுக்கி, வேப்பமரத்துக்கும் கிணற்றுக்குமாக. அண்ணன் நன்றாகவே நடந்தான்.

காதுகுத்து அன்று குலதெய்வக் கோயிலில் அவளுக்கு ஒரு சிக்கல். அண்ணன் பக்கத்திலேயே மடிக்கணினியோடு நடந்து வர ஆசை. சீர் வாங்குகிறவள் சீரோடு சேர்ந்து வரக்கூடாதாம். பிள்ளையைப் பெற்றவள், கோயில் வாசலில் ஆரத்தித் தட்டோடு காத்திருக்க வேண்டும். காத்திருந்தாள். தூரத்தில் மேளம் கேட்டது. புழுதிக்கு நடுவே, தட்டை ஏந்திக்கொண்டு, வீடியோவில் வந்தவன் அதே நடையில் வந்தான். அவளுக்குக் கண் கலங்கி, கூட்டம் மறைந்து, அவன் மட்டும் மிதந்து வருவதுபோல் இருந்தது. இது எந்தக் கனவு என்றுகூட ஒரு கணம் யோசித்தாள்.

கோயில் எல்லைக்கல் வந்தது. எல்லாரும் செருப்பைக் கழற்றினார்கள். அவனும் வலது காலை உதறினான். இடது கால் செருப்பை, துணைக்குக் கூட வந்த காளீஸ்வரன் குனிந்து உருவி ஓரமாக வைத்தான். செருப்போடு தகடும் போயிற்று. பாதம் தரையில் இருப்பது மோட்டாருக்குத் தெரியவில்லை. கால் இன்னும் அந்தரத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு முழங்காலை நீட்டி விறைத்துவிட்டது. வேர்க்குருவரைக்கும் யோசித்தவளுக்கு, சாமி முன்னால் யாரும் செருப்போடு போவதில்லை என்பது மட்டும் தோன்றவே இல்லை.

மேளம் நின்றது. யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள். “தூக்கிரலாமா மச்சான்?” என்று காளீஸ்வரன் தணிந்த குரலில் கேட்டான். முத்துக்கருப்பனின் முகம் சுவரைத் தேடி ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

மாரிசெல்வி ஆரத்தித் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள். செருப்பைப் பிய்த்துத் தகட்டை உருவினாள். புருஷன் தோளில் கிடந்த துண்டை நீளமாகக் கிழித்து, அண்ணனின் வெறும் பாதத்துக்கு அடியில் தகட்டை வைத்துக் கட்டினாள். கட்டி முடித்ததும் முழங்காலோரம் மோட்டார் முனகியது.

“போ தாயி. ஒன் எடத்துல போய் நில்லு” என்றான் அவன். “நா வாரேன்.”

திரும்பி நடந்தாள். அவன் வருகிறானா என்று பார்க்கவில்லை, பார்க்கப் பயம். மேளம் மறுபடி எழுந்தது. அதற்கு அடியில் மோட்டாரின் சின்ன முனகல் விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தது. வாசலுக்கு வந்து தட்டை எடுத்துக்கொண்டுதான் திரும்பினாள். வேர்த்து வழிய எதிரே நின்றான்.

ஆரத்தி சுற்றி, தட்டுத் தண்ணீரைத் தொட்டு அவன் நெற்றியில் வைத்தாள்.

“அந்த மிஷினுக்கும் ஒரு பொட்டு வையி” என்றான். “அதும் நம்மகூட அம்புட்டுத் தூரம் வந்திருக்குல்ல.”

மாரிசெல்வி விரலை மறுபடி நனைத்துக்கொண்டு குனிந்தாள். மோட்டாரைத் தாண்டி இன்னும் கீழே போய், துண்டுக் கட்டுக்கு வெளியே புழுதி படிந்து நீட்டிக்கொண்டிருந்த கட்டைவிரலில் வைத்தாள்.