ஜெஞ்சாரோம் சாலையில் நூற்றுப் பதினெட்டு டிகிரி

பணி ஓய்வு பெற்றவன் கையில் இணையமும் நீண்ட மத்தியானமும் சேர்ந்து கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. முப்பத்திரண்டு வருடம் நில அளவைத் துறையில் கோப்பு புரட்டியவன், பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு, பிக்கப் வண்டியில் டிரெய்லர் இழுப்பதைப் பற்றி உலகத்தில் யார் எதை எழுதினாலும் படிக்க ஆரம்பித்தேன். அப்போது என்னிடம் டிரெய்லர் கிடையாது. பழைய டீசல் பிக்கப் ஒன்றுதான் இருந்தது. அதில் நான் ஏற்றிய பெரிய பாரம் பாசார் சந்தையில் வாங்கிய முப்பது தேங்காய்.

படித்ததில் எனக்கு இரண்டு விஷயம் மண்டையில் ஏறிவிட்டது. ஒன்று, ஆட்டோ கியர் வண்டியைக் கெடுப்பது பாரம் அல்ல, பாரத்தால் வரும் சூடு. கியர்பாக்ஸ் எண்ணெய் தொண்ணூறு டிகிரியில் இருந்தால் நிம்மதி, நூற்றுப் பத்து என்றால் கவலை, நூற்று இருபது என்றால் வண்டியை நிறுத்திவிட வேண்டும். இரண்டாவது, டீசல். பம்பில் இரண்டு வகை இருக்கிறது. சாதாரணத்தில் செம்பனை எண்ணெய் கொஞ்சம் கூடுதலாகக் கலந்திருக்கும், விலை கூடினதில் குறைவு. நான் விலை கூடினதைத்தான் ஊற்றுவேன். சூட்டைக் காட்டும் கட்டைவிரல் அளவுக் கருவி ஒன்றையும் வாங்கி ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகினேன். கைத்தொலைபேசியில் எண் ஓடும். பத்துமலைக்குப் போனாலும் மஸ்ஜித் இந்தியாவுக்குப் போனாலும் என் கண் பாதி சாலையில், பாதி அந்த எண்ணில்.

என் மனைவியின் தம்பிக்கு இதெல்லாம் வேடிக்கை. அவன் கிள்ளானில் இருபது வருடம் கொண்டெய்னர் லோரி ஓட்டியவன். "அத்தான், லோரி என்ன, வட சுட்ட எண்ணெயிலயும் ஓடும் லா. நீங்க வண்டிக்குக் காய்ச்சல் பாக்கற டாக்டர் ஆயிட்டீங்க" என்பான்.

காய்ச்சல் நிஜமாகவே வந்தது அவனுக்குத்தான். டெங்கி. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அதில் நான்கு நாள் டாக்டர்கள் எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அந்த நான்கு நாளில் ஒரு நாள் என் மனைவி வேண்டிக்கொண்டாள்: இவன் பிழைத்து எழுந்தால், ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டத்து அம்மன் கோவில் திருவிழாவில் இவனை முதல் இலையில் உட்கார வைத்துத் தன் கையால் பரிமாறி, பிறகு வந்தவர்களுக்கெல்லாம் சோறு போடுகிறேன் என்று. முதல் இலை அவனுக்கு. அவன் உட்கார்ந்தால்தான் வேண்டுதல், இல்லாவிட்டால் அது வெறும் சாப்பாடு.

அவன் எழுந்தான். திருவிழாவும் வந்தது. மனைவி காலையிலேயே கோவிலுக்குப் போய்விட்டாள். கிள்ளானில் மைத்துனன் வீட்டுப் பின்புறம் சமையல். சோற்று அண்டா, சாம்பார், இரண்டு பொரியல், பாயசம், நான்கு பீப்பாய் குடிதண்ணீர், எல்லாவற்றையும் நண்பர் ஒருவரின் டிரெய்லரில் ஏற்றி என் பிக்கப்பில் மாட்டினோம். டிரெய்லரை எடுத்து வர முந்தின நாள் என் வண்டியைக் கொண்டுபோன மைத்துனன், திருப்பித் தரும்போது டேங்க்கை நிரப்பியே வைத்திருந்தான். இழுத்துப் பார்க்க வேண்டும் என்று நான் எத்தனை மத்தியானம் காத்திருந்தேன்! கல்யாண மாப்பிள்ளை மாதிரி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

புறப்படும் முன்னால் நான் ஒரு வேலை செய்தேன். 'அன்னதான உபயம்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, பணி ஓய்வு விழாவில் கோட் அணிந்து எடுத்த என் படத்துடன் ஒரு பிளாஸ்டிக் பேனர் அடித்து வைத்திருந்தேன். நம் ஆட்கள் தண்ணீர்ப் பந்தலுக்கே பேனர் அடிக்கிறவர்கள், முழுச் சாப்பாட்டுக்கு அடிக்காமல் இருப்பார்களா? பேர் எல்லாம் வேண்டாம் என்று மனைவி சொல்லியிருந்தாள். அதனால் அவளுக்குத் தெரியாமல் அடித்தேன். அதை வண்டி முகப்பில் இந்த விளக்கிலிருந்து அந்த விளக்கு வரை இழுத்துக் கட்டி, மேலே ஒரு செவ்வந்தி மாலை, இரண்டு பக்கமும் வேப்பிலைக் கொத்து. ஜோராக இருந்தது. மைத்துனன் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

கிள்ளான் தாண்டி ஜெஞ்சாரோமுக்குப் போகும் பந்திங் சாலையில் ஏறியதும் நெரிசல். முன்னால் லோரி, பின்னால் லோரி. பத்தடி நகர்வது, நிற்பது, மறுபடியும் பத்தடி. ஆட்டோ கியருக்கு இதைவிடக் கெட்ட வழி கிடையாது. எண் தொண்ணூற்றாறு ஆனது, நூற்று நான்கு ஆனது. ஏர்கோனில் குளிர்ச்சி போய் வெறும் காற்று வந்தது. நூற்றுப் பத்தைத் தொட்டதும் பக்கத்து சீட்டில் இருந்த மைத்துனன் பக்கம் திரும்பினேன்.

"நேத்து என்ன எண்ணெய் ஊத்தின?" என்று கேட்டேன்.

"டீசல்தான்."

"எந்த டீசல்?"

"எல்லாரும் ஊத்தறதுதான், அத்தான். அதுக்கும் சூட்டுக்கும் என்ன இருக்கு?"

அவன் சொன்னது சரி. கியர்பாக்ஸ் சூட்டுக்கும் டேங்க்கில் இருக்கும் டீசலுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது என்று நானே படித்திருக்கிறேன். ஆனால் கோபம் வந்தவனுக்குப் படிப்பு எங்கே ஞாபகம் இருக்கும்? அந்த நேரம் பார்த்து மனைவி தொலைபேசியில் அழைத்தாள். பூசை முடியப் போகிறது, எங்கே இருக்கிறீர்கள் என்றாள்.

"உன் தம்பி மட்டமான எண்ணெய ஊத்தி வச்சிருக்கான். வண்டி கொதிக்குது" என்றேன். அழைப்பைத் துண்டித்த பிறகும் வாய் நிற்கவில்லை. "உனக்கு எதுலயும் மலிவுதான் வேணும். நீ கை வச்சது எதுதான் உருப்பட்டிருக்கு?"

சொன்னதும் எனக்கே சுருக்கென்றது. காய்ச்சலுக்குப் பிறகு உடம்பில் தெம்பில்லாமல் லோரி வேலையை விட்டிருந்தான் அவன். வீட்டில் சும்மா இருப்பதே அவனுக்குப் பெரிய குறை.

அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே பார்த்தபடியே சொன்னான்: "சரி அத்தான். சாமான இறக்கி வச்சிட்டு நான் பஸ் ஏறிப் போயிடறேன். சாப்பாட்டுக்கு நான் இல்ல."

எண் நூற்றுப் பதினெட்டு. செம்பனை மரங்களுக்கு ஓரமாக லோரிகள் ஒதுங்கும் இடம் ஒன்றில் நிறுத்தினேன். அவன் இறங்கும் முன் "இன்ஜின நிறுத்தாதீங்க. பார்க்கிங்ல போட்டு ஓட விடுங்க, எண்ணெய் சுத்தி வரட்டும்" என்றான். கோபத்திலும் வேலை பிசகாத ஆள். முகப்புக்குப் போய் நின்றான். பேனர் மேல் உள்ளங்கையை வைத்து, சுட்டதும் எடுத்துக்கொண்டான்.

"அத்தான், இத மூடி வச்சா காத்து எங்க போவும்?"

கியர் எண்ணெயை ஆற வைக்கும் கூலர், முகப்புக் கம்பி வலைக்குப் பின்னால்தான் இருக்கிறது. எதிர்க்காற்று பட்டால்தான் அது ஆறும். இதை நூறு தடவை படித்தவன் நான். கேட்காதவர்களுக்கும் சொன்னவன் நான். ஆறடி பிளாஸ்டிக்கால் அதை இறுக்கிக் கட்டியவனும் நான்தான்.

அவன் அதைக் கிழிக்கவில்லை. காய் நறுக்கும் கத்தியை எடுத்து வந்து ஒவ்வொரு கட்டாக அறுத்தான், வேப்பிலையைப் பூவோடு சேர்த்து டிரெய்லரில் வைத்தான், பேனரைச் சுருட்டிப் பின்சீட்டில் போட்டான். பத்து நிமிடத்தில் எண் தொண்ணூற்றைந்துக்கு இறங்கியது. நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அலுவலகத்தில் அதற்கென்று ஒரு படிவம் இருந்திருந்தால் பூர்த்தி செய்து கொடுத்திருப்பேன். அவன் ஏறியதும் வண்டியைக் கிளப்பினேன்.

கோவிலை அடைந்தபோது பூசை முடிந்து, பந்தலுக்குக் கீழே நீளமாக இலை போட்டிருந்தார்கள். சனம் காத்து நின்றது. அண்டாக்களை இறக்கினோம். மனைவி கரண்டியோடு முதல் இலைக்கு முன்னால் நின்று தம்பியைத் தேடினாள். அவனோ கடைசிப் பீப்பாயை இறக்கிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தான்.

தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எனக்கு அந்த வயதில் ஓட்டம் என்பது பார்ப்பவர்களுக்குத்தான் பொழுதுபோக்கு. "மச்சான், நில்லு. தப்பு என்னுதுதான்" என்றேன்.

அவன் நின்றான். "எங்கிட்ட சொல்லி என்ன பண்றது? அக்காகிட்ட என்ன சொன்னீங்க? நான் ஊத்தின எண்ணெயாலதான் அவ வேண்டுதல் லேட்டுன்னு நினைச்சிக்கிட்டு இருக்கா."

அவன் கையைப் பிடித்துப் பந்தலுக்கு இழுத்து வந்தேன். நூறு பேருக்கு முன்னால், மூச்சு வாங்க, மனைவியிடம் சொன்னேன்: "எண்ணெய் நல்ல எண்ணெய்தான். இவன் மேல ஒரு குத்தமும் இல்ல. என் மூஞ்சிதான் கியர்பாக்ஸுக்குக் காத்த அடச்சிருச்சி."

யாருக்கும் புரியவில்லை. வண்டிக்குப் போய்ப் பேனரைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினேன். பந்தல் முழுக்கச் சிரிப்பு. முன்வரிசையில் ஓர் ஆன்டி கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். மனைவி குனிந்து பேனரில் தன்னைத் தேடினாள்.

"இதுல நான் எங்க?"

"மூலையில" என்றேன். கடப்பிதழில் ஒட்டும் பாஸ்போர்ட் படம் அளவில் இருந்தாள்.

மைத்துனனுக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு வாய்விட்டே சிரித்தான். சிரித்துக்கொண்டே போய் முதல் இலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

மனைவி இலையில் தண்ணீர் தெளித்துச் சோற்றை வைத்தாள். சாம்பாரை ஊற்றினாள். அவன் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்ததைப் பார்த்தாள். அடுத்த இலைக்கு நகர வேண்டியவள் நகரவில்லை. கரண்டியைப் பிடித்தபடி அவன் மெல்லுவதை, விழுங்குவதை, இரண்டாம் கவளம் எடுப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது, அதை அவள் துடைக்கவும் இல்லை.

"சாதம் வை, அக்கா" என்றான் அவன்.

அவள் இன்னொரு கரண்டி வைத்தாள். அவனுக்குப் பின்னால் அத்தனை பேரும் பசியோடு இருந்தார்கள். அவளை ஒருவர்கூட அவசரப்படுத்தவில்லை.