ஒரு சுண்டு மாவுக்கு விற்ற பிள்ளை

இலங்கை மலையகத்தில் டயகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே நடு லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருக்கும் நிஷாந்தியைப் பொறாமைக்காரி என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் இல்லை என்று மட்டும் சொல்ல மாட்டாள். பக்கத்து வீட்டுக் கோவா, அதாவது முட்டைக்கோஸ், தன் வீட்டுக் கோவாவைவிட ஒரு சுற்றுப் பெருத்துவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்டவள் பெற்ற பிள்ளையைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு போய் அதே பக்கத்து வீட்டில் விற்றாள். விதி வேறு எப்படி இருக்கும்?

வாங்கியவள் லோஜினி. லயத்தின் கடைசி வீடு அவளுடையது. தொங்கல் வீடு என்பார்கள். மற்ற வீடுகளுக்கு முன்னால் ஒரு பாய் விரிக்கிற அளவு மண் என்றால் தொங்கல் வீட்டுக்குப் பக்கவாட்டிலும் நிலம் உண்டு. அதில் லீக்ஸ், கரட், போஞ்சி, கோவா எல்லாம் வஞ்சகமில்லாமல் வளர்ந்தன. வேலியோரம் ரோஜா வேறு. வீட்டுக்குள்ளே கரண்டில் வேலை செய்யும் ஓவன் ஒன்று. ஹட்டனில் வகுப்புக்குப் போய் கேக் அடிக்கப் பழகி வந்தவள் அவள். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பிறந்தநாள் என்றால் லோஜினி கேக்தான். புருஷன் யோகேஸ்வரன் அந்தக் கேக்கை ஆட்டோவில் ஏற்றி, நிறைமாசக்காரியைக் கூட்டிப்போகிற மாதிரி மெதுவாக ஓட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பான். கல்யாணமாகி வருடங்கள் ஓடியும் பிள்ளை மட்டும் இல்லை. லோஜினியைப் பார்த்து நிஷாந்தி வயிறெரியாத ஒரே விஷயம் அதுதான். அதில் அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

நிஷாந்திக்கு முதல் இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது யதுஷா. புருஷன் ஜீவராஜுக்குக் கொழும்பில் பலசரக்குக் கடை வேலை, மாதத்துக்கு ஒருமுறை வந்து போவான். பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போதே நெஞ்சில் சளி கட்டி, டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்து, எலும்பும் தோலுமாக வீடு வந்து சேர்ந்தது. தாய்மார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருக்கும் வீரம்மா அதைப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினாள்.

"ஒனக்குப் புள்ள ராசி இல்லடி. இத யாருக்காச்சும் வித்துரு. அப்புறம் அவ புள்ளைய நீ வளக்குற மாதிரி வளத்துக்க. எமனே வந்தாலும் இது ஒன் புள்ள இல்லன்னு போயிருவான்."

இப்படி விற்பதென்றால் தவிட்டுக்குத்தான் விற்க வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் தவிட்டுக்கு எங்கே போவது? மூன்று வேளையும் ரொட்டி தின்கிற சனம். ஆகவே கோதுமை மா. நிஷாந்தி பிள்ளையை முறத்தில் கிடத்தித் தூக்கிக்கொண்டு பக்கத்து வாசலில் போய் நின்றாள். லோஜினி கேக்குக்கு மா அரித்துக்கொண்டிருந்தாள்.

"புள்ள விக்கிறேன். மா குடு."

"என்னக்கா சொல்றீங்க?"

"கேள்வி கேக்காம ஒரு சுண்டு மாவ அளந்து போடு. நேரம் போவுது."

லோஜினி சுண்டு என்கிற அளவு டின்னை எடுத்து, அரித்த மாவிலேயே ஒன்று அளந்து நிஷாந்தியின் முந்தானையில் கொட்டினாள். கையைத் துடைத்துக்கொண்டு பிள்ளையை முறத்திலிருந்து எடுத்தாள். எடுத்தவள் திருப்பிக் கொடுக்கக் கொஞ்சம் தாமதித்தாள். நிஷாந்தி அதைக் கவனித்தாள். ஆனாலும் அன்றைக்கு அவளுக்குப் பிள்ளை பிழைத்தால் போதும். வீட்டுக்கு வந்து அந்த மாவில் ரொட்டி சுட்டுத் தின்று வியாபாரத்தை முடித்துக்கொண்டாள்.

பிள்ளை தேறியது. ஆஸ்பத்திரி மருந்தா, லோஜினி மாவா என்று கேட்டால் லயத்தில் யாரும் மருந்தின் பக்கம் பேச மாட்டார்கள். தவிட்டுக்கு வாங்கியது தவிட்டம்மா என்றால், மாவுக்கு வாங்கியது மாவாயி. லயமே பிள்ளையை அப்படித்தான் கூப்பிட்டது.

இதெல்லாம் ஒப்புக்குச் செய்வது என்று விற்றவளுக்குத் தெரியும். வாங்கியவளிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவள் காதில் விழுந்திருக்காது. நிஷாந்தி காலையில் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போவாள். வெயில் ஏறுமுன் லோஜினி வந்து, "எம்புள்ளைய தூக்கிட்டுப் போறேன் ஆயாம்மா" என்று தூக்கிக்கொண்டு போய்விடுவாள். பிள்ளை முதன்முதலில் தின்றது தொங்கல் வீட்டுத் தோட்டத்துக் கரட் மசியல். முதல் பல்லால் கடித்தது தொங்கல் வீட்டு ரஸ்க். சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டு, அட்டை கடித்த காலோடு நிஷாந்தி வந்து கை நீட்டினால் பிள்ளை லோஜினியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பும். பிள்ளை மேலே வனிலா வாசம். தன் மேலே கொழுந்துப் பை வாசம். நிஷாந்திக்கு வயிறு பற்றி எரியும். ஒருநாள் வீட்டுக்கு வந்ததும் பிள்ளையைச் சோப்புப் போட்டுத் தேய் தேயென்று தேய்த்துக் குளிப்பாட்டினாள். பிள்ளை கத்தியது. அப்போதும் அந்த வாசம் போகவில்லை என்றே அவளுக்குத் தோன்றியது.

கிளினிக்கில் நிறை பார்த்த சிங்கள மிட்வைஃப் நோனா லோஜினியைப் பார்த்து, "பிள்ளை நல்லா இருக்கு, அம்மா நல்லா பாத்துக்கிறது" என்று அரைகுறைத் தமிழில் பாராட்டினாள். லோஜினி சிரித்தாள். "நான் இல்ல நோனா" என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் பெற்றவள் மரம் மாதிரி நின்றாள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். ஊராருக்கு அதனால் வருகிற எரிச்சலைப் பற்றிப் பழமொழி எதுவும் சொல்லவில்லை.

நிஷாந்தி சும்மா இருந்தாளா? இல்லை. வாசல் மண்ணைக் கொத்திக் கரட் போட்டாள். அது விரல் மொத்தத்தைத் தாண்டவில்லை. தாச்சியில் மணல் போட்டு, மேல் தட்டில் தணல் வைத்துக் கேக் சுட்டாள். மேலே கரி, நடுவே களி. அதிலும் கொஞ்சம் நல்ல இடமாகப் பார்த்துப் பிட்டு ஊட்டினாள். பிள்ளை அதை வாயில் வைத்துச் சற்று யோசித்துவிட்டு, மரியாதையாகத் துப்பியது.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பாள். பிள்ளைக்கு ஒரு வயது முடிகிற சமயத்தில்தான் லோஜினி குங்குமச் சிமிழும் கையுமாக வாசலில் வந்து நின்றாள். லயம் முழுக்க அழைத்துவிட்டு வந்திருந்தாள்.

"அக்கா, ஞாயித்துக்கெழம எங்க வீட்டுல புள்ளைக்குப் பொறந்தநாள் வச்சிருக்கோம். நீங்களும் அண்ணனும் கட்டாயம் வந்துரணும்."

பெற்றவளுக்கே அழைப்பு! அதுவும் 'கட்டாயம்' என்ற உபசாரத்தோடு! நிஷாந்தி குங்குமத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய், அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடிந்ததும் எழுந்து மா டின்னைத் திறந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தொங்கல் வீட்டில் பலூன் ஊதிக் கட்டியிருந்தது. லோஜினி மேசையில் குனிந்து கேக்குக்கு ரோஸ் கலரில் ஐசிங் பூ வைத்துக்கொண்டிருந்தாள். நிஷாந்தி சுண்டு நிறைய மாவோடு போய், மேசையில் கேக்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இந்தா ஒன் மாவு. கூடக் கொறைய இல்ல, கோபுரமா அளந்துதான் எடுத்துட்டு வந்தேன். எம்புள்ளைய நான் திருப்பி வாங்கிக்கிட்டேன்."

லோஜினி நிமிர்ந்து பார்த்தாள். கையில் ஐசிங் பை அப்படியே இருந்தது. ஏதாவது கேட்பாள், சண்டைக்கு வருவாள் என்று நிஷாந்தி எதிர்பார்த்தாள். சண்டைக்கு வேண்டிய வார்த்தைகளை ராத்திரியே அடுக்கி வைத்திருந்தாள். லோஜினியோ "சரிக்கா" என்றாள். மாவை எடுத்து டின்னில் கொட்டிவிட்டு, வெறும் சுண்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

மத்தியானம் யோகேஸ்வரன் கேக்கைத் தூக்கிக்கொண்டு வந்து நிஷாந்தி வீட்டில் வைத்துவிட்டு, பிறந்தநாளுக்கு வந்திருந்த ஜீவராஜ் முகத்தைக்கூடப் பார்க்காமல் போனான். கேக்கை வெட்டினார்கள். லயமே தின்றது. நிஷாந்தியும் ஒரு துண்டு வாயில் போட்டாள். பூப்போல இருந்தது, பாவி. அதற்கும் சேர்த்து எரிந்தது.

அதன் பிறகு லோஜினி பிள்ளைக் காம்பரா பக்கம் போகவில்லை. தோட்டத்தில் களை பிடுங்கினாலும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் பிடுங்கினாள். நிஷாந்தி ஆசைப்பட்டது இதைத்தான். ஆனால் பிள்ளை தவழ்ந்து தவழ்ந்து தொங்கல் வீட்டுக் கதவுக்குப் போய்க் கையால் தட்டியது. கதவு திறக்காவிட்டால் அங்கேயே உட்கார்ந்து அழுதது. விற்றபோது இல்லாத பொறாமை திருப்பி வாங்கிய பிறகு இரண்டு மடங்கானது. பெற்ற பிள்ளை தனக்காக ஒருநாளும் இப்படி ஒரு கதவைத் தட்டியதில்லையே என்று நினைத்து நினைத்து மாய்ந்தாள்.

அந்த வாரமே பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. மழையில் லயத்துச் சுவரெல்லாம் ஈரம். யாருக்குத்தான் காய்ச்சல் இல்லை? ஆனால் நிஷாந்தி உடனே பிள்ளைக் காம்பராவுக்கு ஆள் அனுப்பினாள். வீரம்மா வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "யாரக் கேட்டுடி திருப்பி வாங்குன?" என்றாள்.  எமனுக்கு வீடு அடையாளம் தெரிந்துவிட்டது என்று நிஷாந்தி நினைத்தாள்.

விடிந்ததும் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஆட்கள் கிளம்பும் நேரத்தில் நிஷாந்தி பிள்ளையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு தொங்கல் வீட்டுக் கதவைத் தட்டினாள். லோஜினி திறந்தாள். இரண்டு பேருக்கும் முகம் வீங்கியிருந்தது.

"லோஜினி, புள்ளைக்கு ஒடம்பு நெருப்பாக் கொதிக்குது. நீ திரும்ப வாங்கிக்க."

லோஜினி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"விக்கிறப்பவும் நீங்க என்னையக் கேக்கல. திருப்பி வாங்குறப்பவும் கேக்கல. நான் என்னக்கா, அடகுக் கடையா?"

நிஷாந்தி பிள்ளையைக் கம்பளியோடு இறுக்கிக்கொண்டாள்.

"வாங்குனவ நான். ஆனா பொழுது சாஞ்சா புள்ள ஒங்க வீட்டுக்குப் போயிரும். சுவருக்கு அந்தப் பக்கம் நீங்க தாலாட்டுறது எனக்குக் கேக்கும். ஒவ்வொரு நாளும் கேக்கும். எனக்கு எப்புடி இருந்திருக்கும்னு ஒருநாளாவது நெனச்சிங்களா? நான் பொறாமையில வெந்துக்கிட்டுக் கெடந்தேன்க்கா."

நிஷாந்தி அப்போதுதான் லோஜினியின் முகத்தை நேராகப் பார்த்தாள். பொறாமை என்பது தன் வீட்டில் மட்டும் விளைகிற பயிர் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கோவா விளைகிற வீட்டிலும் அது விளையும் என்று அவள் கண்டாளா?

"மாவு வேணாம்" என்றாள். "சும்மாவே எடுத்துக்க."

"சும்மா குடுத்தா அது விக்கிறது இல்ல. தானம். தானத்தத் திருப்பிக் கேக்க முடியாது, தெரியுமில்ல?"

"தெரியும். புள்ள இருந்தாப் போதும். எங்க இருந்தா என்ன?"

சொல்லிவிட்டாள். சொல்லிக்கொண்டே பிள்ளையை நீட்டினாள். நீட்டிய கையைப் பின்னுக்கு இழுக்கவில்லை. லோஜினி பிள்ளையை வாங்கினாள். கழுத்தடியில் கன்னத்தை வைத்துச் சூடு பார்த்தவள், உள்ளே திரும்பிப் புருஷனைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, ஆட்டோவ எடுங்க! நீங்க என்னக்கா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? கிளினிக் கார்ட எடுத்துட்டு வாங்க. மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவோம். யாரு புள்ளைன்னு வர்ற வழியில சண்ட போட்டுக்கலாம்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தார். தொண்டையில் புண், பயப்பட ஒன்றுமில்லை, பாணி மருந்து கொடுத்தால் போதும் என்றார். ஊசிகூடப் போடவில்லை. இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் நின்று அழுததைப் பார்த்து, இதில் யாருக்குச் சுகமில்லை என்று தாதி குழம்பிப் போனாள்.

திரும்பி வரும்போது யாரும் சண்டை போடவில்லை. ஆட்டோவில் பிள்ளை லோஜினியின் மடியில் தூங்கிப் போனது, வாயைத் திறந்துகொண்டு, அவள் சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. நிஷாந்தி அதைப் பார்த்தாள். பொறாமை போய்விட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். போகவில்லை. அது பாட்டுக்கு உள்ளே எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் கொடுத்ததைக் கேட்கக் கூடாது என்று வெளியே தேயிலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அக்கரப்பத்தனை டவுனைத் தாண்டி மேட்டில் ஏறும்போது லோஜினி அவள் பக்கம் சாய்ந்தாள்.

"அக்கா, கை வலிக்குது. வீடு போற வரைக்கும் கொஞ்சம் புடிங்க."

நாள் முழுக்க மாப் பிசைகிற கை அது. ஒரு குழந்தையின் பாரத்துக்கு வலிக்கிற கையல்ல என்று நிஷாந்திக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், தூக்கம் கலையாதபடி பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள்.