அத்தை குடித்த காபி

இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடு விழுங்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவே போதிய இடைவெளி வேண்டும். இந்த விதி, என் மகள் வாங்கித் தந்த பச்சைக் காபிக்கொட்டை மாத்திரை டப்பாவின் அடியில் எறும்பு எழுத்தில் இருந்தது. மேலே கொட்டை எழுத்தில் பலன்கள்: ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தது, தோலுக்கு நல்லது, இதயத்துக்கு நல்லது, முதுமையைத் தள்ளிப்போடும். அரசு அலுவலகத்தில் எதையும் அடிக்குறிப்பிலிருந்து மேலே படித்தே பழகியவன் நான். முதல் வரியிலேயே அதிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது, கும்பகோணத்தில் கட்டிக்கொடுத்திருந்த அத்தை, அப்பாவின் தங்கை, பாபநாசத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சோகை. உதடுகூட வெளுத்திருந்தது. முன்கையில் கன்றிப்போன தடம். கேட்டேன். கிணற்றுக் கயிறு உரசியது என்றாள்.

சம்பா அறுப்புக்குள் உடம்பில் ரத்தம் ஊறவைத்து அனுப்பிவிடுவதாக அவள் புகுந்த வீட்டாருக்கு அப்பா வாக்குக் கொடுத்தார். வாக்கு என்றால் அப்பாவுக்குக் கோர்ட் உத்தரவு. ஆஸ்பத்திரி நர்ஸம்மா மாத்திரை கொடுத்தார். அப்பா முருங்கைக்கீரையும் தேன் நெல்லியுமாக வாங்கிக் குவித்தார். அத்தை எதையும் மறுக்கவில்லை. மாத்திரையை எல்லார் கண்ணெதிரிலும் வாயில் போட்டு, காபியோடு விழுங்குவாள். கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை.

"இன்னொரு டம்ளர் கொண்டாடா ராஜா. டிகாஷன் தூக்கலா இருக்கட்டும்."

ரத்தம் ஏறவே இல்லை. அப்பா ஆடிப்போய் நர்ஸம்மாவிடமே கேட்டார்.

"தெனம் என் கண்ணு முன்னாலதான முழுங்குறா. அப்பறம் எங்கங்க போவுது?"

நர்ஸம்மா அத்தையைப் பார்த்தார். அத்தை சுவரைப் பார்த்தாள்.

"சில ஒடம்பு அப்படித்தாங்க. இந்த நெலமயில அனுப்பினா ஆள் தங்காது. அப்பறம் உங்க இஷ்டம்."

அப்பா வாக்கை முதல்முறையாகத் தள்ளிவைத்தார். பிறகு மறுபடியும். கடைசியில், ரத்தமில்லாத பெண் எங்களுக்கு வேண்டாம் என்று புகுந்த வீட்டாரே சொல்லியனுப்பினார்கள். வீடு எழவு விழுந்ததுபோல் கிடந்தது. அன்று நான் காபியை நீட்டியபோது அத்தை சொன்னாள்:

"வேணாண்டா. மோர் இருந்தா குடு."

அதன் பிறகு ரத்தம் எப்படித்தான் ஏறியதோ, கன்னம் மினுங்க ஆரம்பித்தது. எல்லாம் தேன் நெல்லியின் மகிமை என்று அப்பா தெரு முழுக்கச் சிபாரிசு செய்தார். நானும் நம்பினேன். அத்தை ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றாள்.

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே அத்தைக்கு போன் செய்து அந்த வரியைப் படித்துக் காட்டினேன்.

"அத்தை, இது உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"சீரியல் போட்டுட்டான். வைடா."

அதற்கப்புறம் எத்தனை முறை கேட்டாலும் பேச்சு மாறியது. அத்தை ஓர் அதிகாரியாக இருந்திருந்தால் நினைவூட்டுக் கடிதம் அனுப்பியிருப்பேன். பின்பு ஒருநாள் அத்தையே கூப்பிட்டாள். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

"காபியோட சாப்பிட்டா மாத்திரை வேல செய்யாதுன்னு நர்ஸம்மா மொத நாளே சொல்லிட்டாங்கடா."

நடையாய் நடந்து அந்தக் காபியைக் கொண்டுபோனவன் நான். அத்தை தொடர்ந்தாள்.

"நீயும் அந்தக் கும்மோணம் வீட்டுக்கு வந்திருக்க. அங்க கயிறு ஒரச கெணறு எங்கடா இருந்துச்சு? கொழாதானே."

நான்காம் வகுப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் வந்த தேதி, இந்த வருடத்து ஆடிப்பெருக்கு.